கயிறுகள் காக்பிட்டுக்கு வரட்டும்: பாய்மரப் படகில் இழுகயிறுகளைப் பின்னுக்குக் கொண்டுவர ஒரு முழு வழிகாட்டி

காற்றின் வேகம் 12 நாட் (மணிக்குக் கடல்மைல்) அளவிலிருந்து 20க்கு ஏறுகிறது. பெரிய பாயைக் குறுக்க வேண்டும். பாயை ஏற்றி இறக்கும் ஹேல்யார்டு பாய்மரத்தடியில் கட்டியிருக்கிறது, பாயைக் குறுக்கிக் கட்டும் ரீஃப் கயிறு பூமில் (பாயின் அடிவிளிம்பு நீளும் கிடைக்கட்டையில்) இருக்கிறது, நீங்களோ சுக்கானைப் பிடித்துக்கொண்டு காக்பிட்டில் (படகை ஓட்டுபவர் உட்காரும் பள்ளத்தில்) உட்கார்ந்திருக்கிறீர்கள். உடன் ஆள் இருந்தால் சமாளிக்கலாம். தனியாக இருந்தால், குதித்தாடும் தளத்தில் முன்னே போய், ஒரு கையால் மரத்தையும் மறு கையால் வின்ச் (கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளை) பிடியையும் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கயிறுகளை எல்லாம் காக்பிட்டுக்குக் கொண்டுவந்துவிடலாமே என்ற ஆசை அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஆசை நியாயமானது. ஆனால் இந்த வேலையைப் பாதியில் விட்ட படகுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஹேல்யார்டு காக்பிட்டுக்கு வந்திருக்கும்; பாயின் முன்மூலையை மாட்டும் கொக்கி மட்டும் பூம் பாய்மரத்தோடு சேரும் கழுத்திலேயே இருக்கும். தனியாள் ஹேல்யார்டைத் தளர்த்த ஒருமுறை பின்னே வர வேண்டும், வளையத்தைக் கொக்கியில் மாட்ட முன்னே ஓட வேண்டும், மறுபடி இறுக்கப் பின்னே வர வேண்டும். எல்லாமே மரத்தடியில் இருந்த பழைய ஏற்பாடு இதைவிட நல்லது. அங்கே ஒரு தடவை போய் நின்றால் வேலை முடிந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: ஒரு வேலைக்கு வேண்டிய கயிறுகள் எல்லாம் ஒரே இடத்தில் கைக்கு எட்ட வேண்டும். அது காக்பிட்டாக இருக்கலாம், மரத்தடியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே பிரிந்து கிடக்கக் கூடாது.

படி 1: எது வர வேண்டும், எது அங்கேயே கிடக்கலாம்

ஒரு தாளை எடுத்து, கயிறுகளின் பெயரை எழுதாமல் வேலைகளின் பெயரை எழுதுங்கள். பெரிய பாயைக் குறுக்குவது ஒரு வேலை. அதற்கு ஹேல்யார்டு (பழைய தமிழ்க் கடல்வழக்கில் ஆஞ்சான்), முன்மூலை ரீஃப் கயிறு, பின்மூலை ரீஃப் கயிறு, பூமைக் கீழே இழுத்து வைக்கும் வேங், பூமைத் தாங்கும் டாப்பிங் லிஃப்ட், பெரிய பாயின் கோணத்தை மாற்றும் கயிறான ஷீட் ஆகியவை வேண்டும். ஷீட் பெரும்பாலும் ஏற்கெனவே கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். பூமைத் தாங்கும் விறைப்பான வேங் இருந்தால் டாப்பிங் லிஃப்டைப் பின்னே கொண்டுவரத் தேவையில்லை.

முன்பாய் சுருள் கருவியில் சுற்றுவதாக இருந்தால் அதன் ஹேல்யார்டைப் பருவத்துக்கு ஒருமுறைதான் தொடுவீர்கள். அதற்காகக் கேபின் கூரையில் ஓட்டை போட்டு ஒரு கிளட்சை (கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் பூட்டை) வீணாக்க வேண்டாம். பின்காற்றில் விரிக்கும் பெரிய பலூன் பாயான ஸ்பின்னக்கரின் ஹேல்யார்டை மரத்தடியில் நின்று இரு கைகளாலும் இழுத்து ஏற்றுவதுதான் வேகம். போட்டிப் படகுகளில்கூட அப்படித்தான் ஏற்றுகிறார்கள், மிச்சத் தளர்வைக் காக்பிட்டில் இருப்பவர் வாங்கிக்கொள்வார். உல்லாசப் படகில் அதை மரத்திலேயே விட்டுவிடலாம். பூமில் பாயின் அடிவிளிம்பை இழுக்கும் அவுட்ஹால், முன்விளிம்பை இறுக்கும் கன்னிங்ஹாம் இரண்டும் பந்தயக்காரரின் தேவை. மற்றவர்களுக்கு, இடம் மீந்தால் பார்க்கலாம்.

படி 2: ரீஃப் ஒரு கயிறா, இரு கயிறா

இதை முதலில் முடிவு செய்யாமல் சாமான் வாங்கப் போகாதீர்கள். எத்தனை கப்பி, எத்தனை கிளட்ச் என்ற கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

ஒற்றைக் கயிறு முறையில் ஒரே கயிறு பூமின் பின்முனையில் கட்டப்பட்டு, பின்மூலை வளையத்துக்கு ஏறி, இறங்கி, பூமுக்குள் முன்னே வந்து, முன்மூலை வளையத்துக்கு ஏறி, மரத்தடிக்கு இறங்கி, காக்பிட்டுக்கு வருகிறது. ஒரு கிளட்ச், ஓர் இழுப்பு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் திருப்பங்களை எண்ணிப் பாருங்கள்: பின்வளையம், பூமின் பின்முனை, பூமின் முன்முனை, முன்வளையம், மரத்தடிக் கப்பி, கூரையில் கயிற்றைப் பக்கவாட்டுக்கு ஒதுக்கும் ஆர்கனைசர் என மொத்தம் ஆறு. ஒவ்வொன்றிலும் 5 சதவீத இழுப்பு உராய்வில் போவதாக வைத்தால், நீங்கள் தரும் விசையில் மறுமுனைக்குச் சேர்வது சுமார் 74 சதவீதம். 10 சதவீதம் போவதாக வைத்தால் பாதிக்குச் சற்றே மேல். பாயின் வளையத்தில் உருளை இல்லாமல் கயிறு வெறும் உலோகத்தில் உரசினால் அந்த 10ஐயும் தாண்டிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பாய் 1.5 மீட்டர் இறங்க வேண்டும் என்றால், கயிறு இரு மூலைகளிலும் ஏறி இறங்குவதால் 4 மடங்கு, அதாவது 6 மீட்டர் இழுக்க வேண்டும். இரண்டாம் ரீஃப் (பாயை இன்னும் சிறிதாக்கும் அடுத்த நிலை) 3 மீட்டர் இறங்கினால் 12 மீட்டர். அத்தனை கயிறும் காக்பிட் தரையில் வந்து குவியும்.

இரு கயிறு முறையில் முன்மூலைக்கு ஒன்று, பின்மூலைக்கு ஒன்று. கிளட்சுகள் இரட்டிப்பாகும், ஆனால் ஒவ்வொன்றும் லேசாக ஓடும், முன்மூலையையும் பின்மூலையையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். 30 அடிக்குக் குறைந்த படகில் முதல் ரீஃபுக்கு ஒற்றைக் கயிறு போதும். அதற்கு மேலே போனால், அல்லது இரண்டாம் ரீஃபும் காக்பிட்டிலிருந்தே போட வேண்டுமென்றால், என் ஓட்டு இரு கயிறுக்குத்தான். எந்த முறையானாலும் பாயின் வளையத்தில் ஒரு சிறிய கப்பியையோ வழவழப்பான அலுமினிய உராய்வுக்குறை வளையத்தையோ பட்டியால் தைத்துக் கட்டுங்கள். இந்த மொத்த வேலையிலேயே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது அதுதான்.

படி 3: நூல் கட்டிப் பார்த்தல்

கயிறு போகும் பாதை நான்கு இடங்களைக் கொண்டது. மரத்தடியில் கீழ்நோக்கி வரும் கயிற்றைப் பின்னோக்கித் திருப்பும் கப்பி. கேபின் கூரையில் அதைப் பக்கவாட்டுக்கு ஒதுக்கும் டெக் ஆர்கனைசர் என்னும் பல உருளைக் கப்பி. கூரையின் பின்விளிம்பில் கிளட்ச். அதற்குப் பின்னால் வின்ச்.

எதையும் துளைக்கும் முன் மெல்லிய நூலை எடுத்து, இந்த நான்கு இடங்களிலும் ஒட்டுநாடாவால் ஒட்டி, எல்லாக் கயிறுகளின் பாதையையும் கூரையில் வரைந்து பாருங்கள். கருவிகளின் அடிப்பாகத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளலாம். அப்படியே இரண்டு நாள் விடுங்கள். கூரை மூடி திறக்கிறதா, கேபின் வாசலின் தள்ளுமூடி பின்னும் முன்னும் போகிறதா, கைப்பிடிக் கட்டையைப் பிடிக்கும் விரலில் நூல் மாட்டுகிறதா, ஸ்ப்ரேஹூடின் (வாசலுக்கு மேல் நீர்த்தெறிப்பைத் தடுக்கும் துணி மறைப்பின்) சட்டம் எங்கே உட்காருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஸ்ப்ரேஹூடை நிமிர்த்தி வைத்துவிட்டு வின்ச் பிடியை முழு வட்டம் சுழற்றிப் பாருங்கள். 250 மி.மீ. பிடி இடித்தால் 200 மி.மீ. பிடியை வைத்துப் பாருங்கள். அதுவும் இடித்தால் வின்சின் இடத்தை மாற்றுங்கள்.

இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டக் கூடாது. மரத்தடியில் இடமிருந்து வலமாக என்ன வரிசையோ, ஆர்கனைசரிலும் கிளட்சிலும் அதே வரிசை. கயிறு கிளட்சுக்குள் நேராக நுழைய வேண்டும். கோணலாக நுழைந்தால் பல் ஒரு பக்கம் மட்டும் கடித்து, கயிற்றின் மேலுறை கிழியும்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன். வலப்பக்க ஏற்பாடு அழகாக வந்துவிட்டது. இடப்பக்கத்தை அதன் கண்ணாடிப் பிம்பமாக வரைந்து துளைத்துவிட்டேன். வின்ச்கள் எல்லாம் கடிகாரச் சுற்றில்தான் சுழலும் என்பது அப்போது மனத்தில் நிற்கவில்லை. அணியத்தை (படகின் முன்முனையை) பார்த்து நின்றால், முன்னாலிருந்து வரும் கயிறு உருளையின் வலது விளிம்பைத்தான் தொட வேண்டும், இரு பக்க வின்சிலும். ஆகவே கிளட்ச் வரிசையின் நடு, வின்சின் மையத்துக்கு நேராக இல்லாமல் அதன் வலது விளிம்புக்கு நேராக அமைய வேண்டும். இடப்பக்கம் பிம்பமாக வைத்த நான் கிளட்ச் வரிசையைக் கழற்றி, எட்டு துளைகளை அடைத்து, மறுபடி துளைத்தேன்.

உயரத்தையும் பாருங்கள். கயிறு வின்ச் உருளையைச் சற்றுக் கீழிருந்து மேலேறி, 3 முதல் 8 பாகை வரையான சாய்வில் தொட வேண்டும். மட்டமாகவோ மேலிருந்தோ வந்தால் ஒரு சுற்று மற்றொன்றின்மேல் ஏறி இறுகிவிடும். சுமையோடு இறுகிய சுற்றை அவிழ்ப்பது பெரும்பாடு. வின்சுக்கு அடியில் ஒரு மேடை வைத்தால் இது சரியாகும். வளைந்த கூரையில் ஆர்கனைசருக்கும் கிளட்சுக்கும்கூட ஆப்பு வடிவ அடிக்கட்டை தேவைப்படும்.

எந்தக் கயிறு எந்தப் பக்கம்? ஹேல்யார்டும் ரீஃப் கயிறும் ஒரே வின்சைக் கேட்டுச் சண்டை போடாமல் இருக்க, ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் வைப்பதே எனக்குப் பிடிக்கிறது. கேபின் வாசல் படியில் நின்றால் இரு கைகளுக்கும் இரண்டும் எட்டும். படகிலேயே உடம்பு நன்றாகத் தாங்கிப் பிடிக்கப்பட்டிருக்கும் இடம் அந்த வாசல்தான்.

படி 4: எந்தக் கப்பி எவ்வளவு தாங்க வேண்டும்

கப்பியில் கயிறு எவ்வளவு திரும்புகிறதோ அதைப் பொறுத்துக் கப்பியின்மேல் வரும் சுமை மாறும். 180 பாகை திரும்பினால் கயிற்றின் இழுவிசையைப் போல 2 மடங்கு. 90 பாகைக்கு 1.41 மடங்கு; 60 பாகைக்குச் சரியாக 1 மடங்கு; 45 பாகைக்கு 0.77; 30 பாகைக்கு 0.52. ஹேல்யார்டில் 400 கிலோ இழுப்பு இருந்தால், மரத்தடியில் அதைத் திருப்பும் கப்பி 566 கிலோ தாங்க வேண்டும். ஆர்கனைசரில் 45 பாகை திரும்பினால் 306 கிலோ.

அந்த 566 கிலோ எந்தத் திசையில் இழுக்கிறது என்பதுதான் முக்கியம். மேலேயும் பின்னேயும் இழுக்கிறது. கப்பியைத் தளத்தில் திருகியிருந்தால், தளத்தைத் தூக்கப் பார்க்கிறது. பாய்மரம் தளத்தின்மேலேயே நிற்கும் படகில் மரத்தின் அழுத்தமே அந்த இடத்தைக் கீழே அமுக்கி வைக்கும். மரத்தடித் தகட்டிலேயே கப்பிகளைக் கோத்துவிட்டால் தூக்கும் விசையும் அமுக்கும் விசையும் அந்தத் தகட்டுக்குள்ளேயே ஈடாகிவிடும். மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீல்வரை (படகின் அடித்தண்டுவரை) இறங்கும் படகில் அந்த அமுக்கம் கிடையாது. அங்கே கப்பிகளைத் தளத்தில் வைத்தால், தளத்துக்கும் மரத்துக்கும் (அல்லது கீலுக்கும்) இடையே ஒரு இழுகம்பி போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நான்கு கயிறுகள் சேர்ந்து இழுக்கும்போது தளம் கண்ணுக்குத் தெரியவே எழும்பும். மரத்தைச் சுற்றிய நீர்க்காப்பு முதலில் ஒழுகும், பிறகு கண்ணாடியிழைத் தளத்தில் விரிசல் விழும். மரத்தையே சுற்றிப் பிடிக்கும் வளையத்தில் கப்பிகளை மாட்டுவது மற்றொரு தீர்வு.

மரத்துக்குள்ளே ஓடும் ஹேல்யார்டு, பழைய வின்ச் இருந்த உயரத்தில் வெளியே வருமானால், அதைத் தடுத்துப் புதுத் துளை போட வேண்டியதில்லை. அந்த வாயிலிலிருந்து வெளியே இறங்கி மரத்தடிக் கப்பிக்கு வரட்டும். புதுத் துளை போட்டே தீர வேண்டுமென்றால் இரண்டு துளைகளை ஒரே உயரத்தில் அருகருகே போடாதீர்கள். மரம் அந்த இடத்தில் பலவீனமாகும். அலுமினிய மரத்தில் துருப்பிடிக்கா எஃகுத் திருகு போடும்போது இரண்டுக்கும் நடுவே டெஃப்ஜெல் போன்ற காப்புப் பசை தடவுங்கள். உப்புநீரில் இந்த இரு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

படி 5: கிளட்சும் கயிறும்

கிளட்ச் வாங்கும்போது அது எந்தக் கயிற்றுப் பருமனுக்கானது என்று பாருங்கள். 8 முதல் 12 மி.மீ. வரை என்று போட்டிருந்தால் அந்த எல்லையின் அடிக்கயிற்றில் பிடிப்பு குறைவாகவே இருக்கும். ஹேல்யார்டு நழுவுகிறது என்ற புகாரில் பெரும்பகுதி இதனால் வருவதுதான். உள்ளே டைனீமா என்னும் செயற்கை இழை, மேலே பாலியெஸ்டர் உறை உள்ள கயிறு ஹேல்யார்டுக்கு நல்லது, நீளாது. கிளட்ச் கடிக்கும் இடத்தில் மட்டும் இன்னொரு உறையைச் சேர்த்துப் பருமனைக் கூட்டும் வழியும் உண்டு. ரீஃப் கயிறுகளுக்குச் சாதாரண இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் போதும். ரீஃப் கயிற்றைத் தேவைக்கு மேல் தடியாக வாங்காதீர்கள். ஒரு சுற்று மெலிந்த கயிறு உருளைகளில் எவ்வளவோ லேசாக ஓடும்.

நிறம் வேறு வேறாக இருக்கட்டும். கிளட்சில் பெயர் ஒட்டினாலும் இருட்டில் அதை யாரும் படிப்பதில்லை.

நீளத்துக்கு எளிய கணக்கு: தளத்துக்கு மேல் மரத்தின் உயரம் இரு மடங்கு, அதோடு மரத்தடியிலிருந்து வின்ச் வரை உள்ள பாதை, வின்சில் சுற்றிப் பிடிக்க 2 மீட்டர். மரம் 11 மீட்டர், பாதை 3 மீட்டர் என்றால் 27 மீட்டர். பழைய ஹேல்யார்டு போதாது என்பது இதிலேயே தெரிகிறது. புதியதை மாற்றும்போது பழையதின் நுனியோடு முனைக்கு முனை நூலால் தைத்து, மேலே மெல்லிய நாடா சுற்றி, மெதுவாக இழுங்கள். முடிச்சுப் போட்டால் மர உச்சி உருளையில் சிக்கும்.

படி 6: துளை

இந்தப் படியில் அவசரப்பட்டவர் படகின் கூரையை இழப்பார். பெரும்பாலான கண்ணாடியிழைப் படகுகளின் தளம் இரண்டு மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ நுரையோ வைத்த அமைப்பு. துளை வழியாக நீர் உள்ளே போனால் பால்சா அழுகும். வெளியே ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகளில் மிதிக்கும்போது தளம் மெத்தையாக அமுங்கும்.

முதலில் உள்ளிருந்து பாருங்கள். உட்கூரை விரிப்பைக் கழற்றி, கம்பி ஓடுகிறதா, நட்டு மாட்டக் கை போகுமா என்று உறுதி செய்யுங்கள். பிறகு 3 மி.மீ. துளை ஒன்று. துளைக்கருவியில் வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் நல்லது. பழுப்பாக, ஈரமாக வந்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அழுகலைச் சரிசெய்ய வேண்டும்.

6 மி.மீ. போல்ட்டுக்கு மேல் அடுக்கையும் நடு அடுக்கையும் 12 மி.மீ. அளவில் துளையுங்கள், அடி அடுக்கைத் தொடாதீர்கள். முதலில் போட்ட சிறு துளையை அடியிலிருந்து நாடாவால் அடையுங்கள். முதலில் வெறும் எப்பாக்சிப் பிசினை ஊற்றி நடு அடுக்கின் ஓரங்கள் குடிக்க விடுங்கள். பிறகு சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியை நிரப்புங்கள். ஓர் இரவு இறுகட்டும். மறுநாள் அந்த எப்பாக்சி முளையின் நடுவே 6.5 மி.மீ. துளை. இனி போல்ட்டு ஒழுகினாலும் நீர் நேரே கேபினுக்குள் சொட்டுமே தவிர நடு அடுக்குக்குள் போகாது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நடு அடுக்கு நசுங்காது.

துளையின் மேல்வாயைச் சற்றே சரித்துச் செதுக்குங்கள். அந்தப் பள்ளத்தில் அடைப்புப் பசை வளையமாகத் தங்கும். பசைக்கு என் தேர்வு பியூட்டைல் நாடா. கருவியின் அடியில் விரித்து, போல்ட்டுத் தலையைச் சுற்றிச் சிறு கூம்பாக உருட்டி வைக்கலாம். பத்தாண்டு கழித்தும் கழற்றலாம். பாலியூரித்தேன் பசைகள் நிரந்தரமாக ஒட்டிவிடும். கிளட்சைக் கழற்றும்போது கூரையின் மேல்தோலும் சேர்ந்து வரும். பாலிசல்பைடு சில பிளாஸ்டிக்குகளை அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் உடல் கொண்ட கருவிகளுக்கு வேண்டாம்.

அடியில் அலுமினியத்திலோ கண்ணாடியிழை எப்பாக்சிப் பலகையிலோ அடித்தகடு வையுங்கள். அகல வாஷர் மட்டும் போதும் என்று விடாதீர்கள். இறுக்கும்போது மேலே ஒருவர் போல்ட்டுத் தலையைத் திருப்புளியால் அசையாமல் பிடிக்க, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட்டு சுழன்றால் பசை வளையம் அறுந்துவிடும். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும்; இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம், நாளை மறுநாள் முழுதாக.

படி 7: சுருள் கருவியின் கயிறு

முன்பாயின் சுருள் கயிற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தளத்தின் ஓரக் கம்பிகளில் சிறு கப்பிகள் வழியாகப் பின்னே வரட்டும். முதல் கப்பி மட்டும் கவனம்: கயிறு சுருள் உருளைக்குள் முன்கம்பிக்குச் செங்குத்தாக, உருளையின் நடு உயரத்தில் நுழைய வேண்டும். மேலோ கீழோ சாய்ந்தால் ஒரே பக்கம் குவிந்து சிக்கும்.

படி 8: துறையில் ஒரு ஒத்திகை, பிறகு கடலில்

காற்றில்லாத காலையில், கட்டிய இடத்திலேயே பாயை ஏற்றுங்கள். ஹேல்யார்டை நன்றாக இறுக்கி, ஒருவர் கேபினுக்குள் படுத்து அடித்தகடுகளைப் பார்க்கட்டும். தளம் அசையக் கூடாது. பிறகு முதல் ரீஃபை முழுவதும் காக்பிட்டிலிருந்தே போட்டுப் பாருங்கள். ஷீட்டையும் வேங் கயிற்றையும் தளர்த்தி, டாப்பிங் லிஃப்டை ஏற்றி, ஹேல்யார்டை இறக்கி, முன்மூலையை இழுத்துப் பூட்டி, ஹேல்யார்டை மறுபடி இறுக்கி, பின்மூலையை இழுத்து, டாப்பிங் லிஃப்டைத் தளர்த்தி, கடைசியில் வேங்கும் ஷீட்டும். முன்மூலை சரியாக உட்கார்ந்த நிலையில் ஹேல்யார்டு கிளட்சைத் தொடும் இடத்தில் வண்ண நூலால் தைத்து ஓர் அடையாளம் போடுங்கள். இரண்டாம் ரீஃபுக்கு இரட்டைக் கோடு. மை அழியும், நூல் இருட்டில் விரலுக்கே தட்டுப்படும்.

சுமை உள்ள கிளட்சை ஒருபோதும் அப்படியே திறக்காதீர்கள். கயிற்றை வின்சில் சுற்றிச் சுமையை வாங்கிக்கொண்ட பிறகே கிளட்சைத் திறக்க வேண்டும்.

பாயை இறக்கும் முன் ஹேல்யார்டின் வாலைப் பாருங்கள். பாய் ஏறியிருக்கும்போது காக்பிட்டில் ஏறக்குறைய பாயின் முன்விளிம்பு நீளத்துக்குக் கயிறு கிடக்கும். ரீஃப் கயிறுகளும் சேர்ந்தால் 30 மீட்டர் சாதாரணம். வாசலின் இருபுறமும் வலைப்பைகள் மாட்டி, கயிற்றை வளையம் போடாமல் நுனியிலிருந்து அப்படியே உள்ளே திணித்துக்கொண்டே வாருங்கள். திணித்த கயிறு சிக்கில்லாமல் வெளியே வரும், அழகாகச் சுற்றி வைத்ததுதான் கிளட்ச் வாயில் முடிச்சாக வந்து நிற்கும்.

பாய் தானாகக் கீழே விழவில்லையானால் எங்கோ உராய்வு இருக்கிறது. மரத்தடிக் கப்பியில் தொடங்கி ஒவ்வொரு திருப்பமாகக் கயிற்றைக் கழற்றி, கையால் இழுத்துப் பாருங்கள். பாய்க்காடியில் ஓடும் நழுவிகளுக்கு உலர் மசகு தெளியுங்கள். அப்போதும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒன்று மேலே சிக்கும், நீங்கள் மரத்தடிக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே தளத்தில் ஓடும் பாதுகாப்புப் பட்டியையும், மரத்தடியில் மாட்டிக்கொள்ளும் கொக்கியையும் கழற்றி வைத்துவிடாதீர்கள். முதல் மாதம் முடிந்ததும் உட்கூரையைத் திறந்து எல்லா நட்டுகளையும் ஒரு கால் சுற்று சோதித்த பிறகே விரிப்பை மூடுங்கள்.